பதினெட்டுச் சொற்களின் வரலாறு

சிலப்பதிகாரத்தை முதன்முறையாகப் படிக்கும் இளம் மாணவனுக்கும் ஓர் உண்மை உறைக்காமற் போவதில்லை. கள்வன் என்று பழி சுமத்தப்பட்ட கோவலனை அழைத்து, இந்தச் சிலம்பு உன் கைக்கு வந்த வகை என்ன என்று மதுரையில் எவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் கண்ணகி வழக்குரைக்க வந்திருக்க வேண்டியதில்லை. பாண்டியன் கொடியவன் அல்லன். தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே உயிர் துறந்தவன். அத்தகைய நல்ல மன்னனின் ஆட்சியிலும் ஒரு கேள்வி விடுபட்டதால் ஓர் உயிர் போயிற்று. ஒரு நகரம் தீக்கிரையாயிற்று.

ஒருவனைத் தண்டிக்குமுன் அவன் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம் தரும் சலுகையா, அல்லது சட்டத்துக்கும் முந்திய அறமா? சட்டமே அவனைக் கேட்க வேண்டியதில்லை என்று எழுதிவைத்துவிட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? இக்கேள்வி காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை. நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் பிறந்த ஆண்டிலேயே அதன் வாயிலில் வந்து நின்றது. அன்று தொடங்கிய விவாதம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறது. அதன் நடுவில் நிற்பது நமது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆங்கில மூலத்தில் அது பதினெட்டே சொற்களால் ஆனது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரும் தனிமனித விடுதலையும் பறிக்கப்படலாகாது என்பது அதன் பொருள். இந்த ஒரே வாக்கியத்தை நீதிபதிகள் எத்தனை விதமாக வாசித்தனர், ஒவ்வொரு வாசிப்புக்கும் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கள் பிறந்த கதை

முதலில் எழுதப்பட்ட வரைவில் இந்த வாக்கியம் வேறுவிதமாக இருந்தது. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் வழியில், 'முறையான சட்ட நெறியின்படி அன்றி' எவருடைய விடுதலையும் பறிக்கப்படலாகாது என்றே தொடக்கத்தில் எழுதியிருந்தனர். 'முறையான' என்ற அந்த அடைமொழி சிறியது. ஆனால் அது நீதிபதியின் கையில் தரப்படும் உரைகல். சட்டமன்றம் இயற்றிய சட்டமே முறையானதுதானா என்று உரசிப்பார்க்கும் அதிகாரம் அதனால் நீதிமன்றத்துக்கு வந்துவிடும்.

அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகராகப் பணியாற்றிய பி.என். ராவ் 1947இன் இறுதியில் வெளிநாடுகளுக்குச் சென்று அறிஞர் பலரைச் சந்தித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் அவரிடம் தந்த அறிவுரை அந்த அடைமொழிக்கு எதிரானது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றிய சட்டத்தை ஒருசில நீதிபதிகள் தள்ளிவைப்பது மக்களாட்சிக்கு ஒவ்வாது. நீதிபதிகளின் தோள்மீது தாங்கவொண்ணாத சுமையையும் ஏற்றும் என்று அவர் கருதினார். அக்கருத்துக்கு அமெரிக்க அனுபவமே அடிப்படை. ரொட்டிக்கடைத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்று நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் வீழ்த்தியது. ஏழையைக் காக்க வந்த சட்டத்தை வெட்டுவதற்கு, விடுதலையைக் காக்க வந்த சொல்லே அங்குக் கருவியாகிவிட்டது. நிலச் சீர்திருத்தம் போன்ற சட்டங்களை எதிர்நோக்கியிருந்த இந்தியாவுக்கு இது சிறிய அச்சமன்று.

ஆகவே வரைவுக்குழு சொற்களை மாற்றியது. 1946ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசமைப்புச் சட்டத்தை ஒட்டி, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற தொடர் இடம்பெற்றது. சென்னை தந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இம்மாற்றத்தை வலுவாக ஆதரித்தார். உறுப்பினர் பலர் எதிர்த்தனர். 1948 டிசம்பர் 13 அன்று சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், இரு தரப்பிலும் ஆபத்திருப்பதை மறைக்கவில்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சி தவறே செய்யாது என்று நம்புவதும் கடினம். ஐந்தாறு நீதிபதிகள் தம் சொந்த விருப்பு வெறுப்புக்கு இடந்தராமல் நாட்டின் சட்டங்களை எடைபோடுவர் என்று நம்புவதும் கடினம் என்று கூறி, முடிவைச் சபைக்கே விட்டார். சபை புதிய தொடரையே ஏற்றது. ஆயினும் சபையின் மனம் அமைதி கொள்ளவில்லை. 1949 செப்டம்பரில் அம்பேத்கரே முன்வந்து, இன்று 22ஆம் பிரிவாக உள்ள காப்புகளைச் சேர்த்தார். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். வழக்குரைஞரைக் கலந்துகொள்ள உரிமை உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும் என்பன அவை. ஆனால் தடுப்புக்காவலில் வைக்கப்படுவோருக்கு இவற்றுள் பெரும்பகுதி கிடையாது.

சென்னை அரசுக்கு எதிராக ஒரு கைதி

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாத இறுதியிலேயே நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை இயற்றியது. அப்போது சென்னை மாகாணச் சிறையில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதலே காவலில் இருந்தவர். மார்ச் முதல் நாள் புதிய சட்டத்தின்கீழ் அவருக்கு மீண்டும் ஓர் ஆணை வழங்கப்பட்டது. அவர் நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவருக்காக வாதாடியவர் சென்னை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார். 'சட்டம்' என்பது சட்டமன்றம் அச்சிட்டுத் தரும் எந்தத் தாளுமன்று. அதில் இயற்கை நீதியின் கூறுகளும் அடங்க வேண்டும். இல்லையெனில் அடிப்படை உரிமை என்ற பெயருக்கே பொருளில்லை என்பது அவர் வாதத்தின் உயிர்.

ஆறு நீதிபதிகள் விசாரித்து, 1950 மே 19 அன்று தீர்ப்பளித்தனர். காவலில் வைத்த காரணங்களை நீதிமன்றத்துக்கே வெளியிடலாகாது என்று தடைசெய்த 14ஆம் விதியை அறுவரும் ஒருமித்துச் செல்லாததாக்கினர். மற்றவற்றில் பிளவு ஏற்பட்டது. தலைமை நீதிபதி கானியாவும், சென்னையைச் சேர்ந்தவரும் பின்னாளில் தலைமை நீதிபதியானவருமான பதஞ்சலி சாஸ்திரியும், முகர்ஜி, எஸ்.ஆர். தாஸ் ஆகியோரும் அரசின் பக்கம் நின்றனர். 'சட்டம்' என்பது அரசு இயற்றிய சட்டமே. வரையறுக்க இயலாத இயற்கை நீதிக் கோட்பாடுகளை அதற்குள் நுழைக்க முடியாது என்றனர். 'முறையான' என்ற சொல்லை அரசியல் நிர்ணய சபை எண்ணிப் பார்த்தே நீக்கியது. அதை நீதிமன்றம் பின்வாசல் வழியாகக் கொண்டுவரலாமா என்பது அவர்களது நியாயம்.

இவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்குவது எளிது, அது நேர்மையாகாது. சொல்லுக்குக் கட்டுப்படுவதே நீதிபதியின் தூய்மை என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நீதிபதி தாஸ் தம் தீர்ப்பில் இங்கிலாந்தின் பழைய சட்டம் ஒன்றை எடுத்துக்காட்டினார். ரோச்செஸ்டர் ஆயரின் சமையற்காரனைக் கொதிநீரில் இட்டுக் கொல்லுமாறு பணித்த சட்டம் அது.

அந்த ஆயர் யாரென நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் ஹென்றி மன்னனின் திருமண முறிவை ஏற்க மறுத்து 1535இல் தலை கொடுத்தவரும், 1935இல் புனிதராக உயர்த்தப்பட்டவருமான ஜான் பிஷர் அவரே. 1531இல் அவர் இல்லத்தில் சமைக்கப்பட்ட கஞ்சியில் நஞ்சு கலந்திருந்தது. ஆயர் அன்று அதை உண்ணவில்லை. உண்டவர்களுள் இருவர் இறந்தனர். ரிச்சர்டு ரூஸ் என்ற சமையற்காரன்மீது பழி விழுந்தது. மன்னன் விசாரணைக்குக் காத்திராமல், நஞ்சிடுதல் அரசத் துரோகம் என்றும், ரூஸைக் கொதிக்கவைத்துக் கொல்ல வேண்டும் என்றும் நாடாளுமன்றத்தையே சட்டம் இயற்றச் செய்தான். லண்டன் ஸ்மித்பீல்டில் அது நிறைவேற்றப்பட்டது. நீதிமன்றம் இல்லை, சாட்சி இல்லை, அவன் என்ன சொன்னான் என்று செவிமடுத்தவர் இல்லை. ஆனால் சட்டம் இருந்தது. அது வகுத்த நடைமுறையும் இருந்தது. 21ஆம் பிரிவைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், அந்தச் சமையற்காரனுக்கு அதில் புகலிடம் கிடையாது.

ஒருவரின் மறுப்பு

சையத் பசல் அலி அவ்வாறு வாசிக்க மறுத்தார். பாட்னா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்து வந்த அவர், 'நடைமுறை' என்ற சொல்லுக்குள்ளேயே சில குறைந்தபட்சக் கூறுகள் அடங்கியுள்ளன என்றார். குற்றச்சாட்டை அறிவித்தல், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்தல், நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்குமே அவை. இவை இல்லாத ஒன்றுக்கு நடைமுறை என்ற பெயர் பொருந்தாது. விடுதலை பற்றிய பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கருதாமல், ஒன்றோடொன்று பின்னியவையாகவே படிக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த மற்றொரு கருத்து. நீதிபதி மகாஜனும் வேறு காரணங்களால் சட்டத்தின் ஒரு பகுதியை ஏற்க மறுத்தார். இருவரும் தோற்றனர், கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று.

பசல் அலியின் கருத்து அவர் புதிதாய்ப் புனைந்ததன்று. இங்கிலாந்தில் 1718இல் டாக்டர் பென்ட்லி என்ற பேராசிரியரின் பட்டங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைக் கேளாமலே பறித்தது. அது குறித்த 1723ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதி போர்ட்டெஸ்கியூ தொடக்கநூலை நினைவுகூர்ந்தார். ஆதாம் உண்டது எல்லாம் அறிந்த கடவுளுக்குத் தெரியாததன்று. ஆயினும், நீ எங்கே இருக்கிறாய், உண்ணாதே என்று நான் விலக்கியதை உண்டாயோ என்று அவனை அழைத்துக் கேட்ட பின்னரே அவர் தீர்ப்பிட்டார். ஏவாளும் அவ்வாறே கேட்கப்பட்டாள். தீர்ப்பிடுவோன் ஐயந்தீர அறிந்திருந்தாலும் கேட்க வேண்டும். ஏனெனில் கேட்பது தகவல் சேர்ப்பதற்காக மட்டுமன்று, எதிரே நிற்பவனை மனிதனாக ஏற்பதற்காகவும்தான் என்ற பொருளை அந்நிகழ்ச்சியில் நாம் காணலாம். சட்ட நூல்கள் இன்றும் போற்றும் முன்மாதிரி அது.

இருண்ட ஏப்ரல்

கோபாலன் தீர்ப்பு இருபது ஆண்டுகள் கோலோச்சியது. இடையிடையே சில விரிசல்கள் விழுந்தன. போதிய சான்றின்றி விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரைக் காவல்துறை தொடர்ந்து கண்காணித்து, நள்ளிரவில் கதவைத் தட்டிவந்தது. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரவுத் தட்டலை மட்டும் தடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்று பெரும்பான்மையினர் கூறினர். கண்காணிப்பு முழுவதுமே விடுதலைக்கு விரோதம் என்று சுப்பா ராவ் மாறுபட்டார். நீதிபதி ஷா அவருடன் நின்றார். 1970இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கில், பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் படிக்கும் முறையை நீதிமன்றம் கைவிட்டது. பசல் அலியின் பக்கம் காற்று மெல்லத் திரும்பியது.

அதற்குள் நெருக்கடி நிலை வந்தது. 1975 ஜூன் 25 இரவு அது பிறப்பிக்கப்பட்டது. இரண்டு நாளில், 14, 21, 22ஆம் பிரிவுகளை நிலைநாட்ட நீதிமன்றத்தை நாடும் உரிமை குடியரசுத் தலைவரின் ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டது. மிசா சட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். ஆயினும் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. மேல்முறையீடு ஜபல்பூர் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். 21ஆம் பிரிவு விடுதலையை மட்டுமின்றி உயிரையும் காக்கிறதே. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றால், இந்த ஆணை நடப்பிலுள்ளவரை அதற்கும் பரிகாரமில்லையா? தம் மனச்சான்றையும் அது உலுக்குகிறது என்று ஒப்புக்கொண்ட டே, ஆயினும் தம் வாதத்தின்படி பரிகாரமில்லை என்றே விடையிறுத்தார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ரே, பேக், சந்திரசூட், பகவதி ஆகிய நால்வரும், விடுதலைக்கு 21ஆம் பிரிவே ஒரே உறைவிடம் என்றனர். அதன் கதவு சாத்தப்பட்டிருக்கும்வரை எவரும் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட இயலாது. காவலில் உள்ளோர் நல்ல இடமும் உணவும் பெற்று ஏறக்குறையத் தாயின் பரிவோடு பேணப்படுகின்றனர் என்று நீதிபதி பேக் எழுதினார். அத்தீர்ப்பு வெளியாவதற்கு மூன்று மாதத்துக்குமுன், 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரும் முன்னாள் மேயருமான நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு, 1977 ஜனவரியில் உயிர்நீத்தார். நெருக்கடி நிலை நீங்கியபின், கம்பனில் தோய்ந்த அறிஞரான நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் விசாரித்து, அத்தாக்குதல் நடந்ததை உறுதிசெய்தது. கன்னா கேட்ட கேள்வி கற்பனைக் கேள்வியன்று.

கன்னா ஒருவரே மாறுபட்டார். உயிரும் விடுதலையும் அரசமைப்புச் சட்டம் தந்த கொடையல்ல. அச்சட்டத்துக்கு முன்னரே, சட்டத்தின் ஆணையின்றி எவரையும் அரசு தீண்டலாகாது என்ற நெறி இந்நாட்டில் இருந்தது. 21ஆம் பிரிவை நிறுத்திவைத்தாலும் அந்த நெறி நிற்கும் என்றார். உச்ச நிலையில் உள்ள நீதிமன்றத்தில் ஒருவர் எழுதும் மாறுபட்ட தீர்ப்பு வருங்காலத்தின் அறிவுக்குச் செய்யும் முறையீடு என்னும் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஹியூஸின் கருத்தை அவர் துணைக்கு அழைத்தார். விலையையும் கொடுத்தார். 1977 ஜனவரியில் பணிமூப்பின்படி தலைமை நீதிபதியாக வேண்டிய அவரைத் தாண்டி, இளையவரான பேக் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

போர்க்காலத்தில் நீதிமன்றங்கள் ஆட்சியாளர்முன் பணிவது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய குறையன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், லிவர்சிட்ஜ் என்பவரின் காவலைப் பற்றி உள்துறை அமைச்சர் சொன்னதே போதும் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அட்கின் பிரபு ஒருவரே மறுத்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்தே, அன்றைய பெரும்பான்மை தவறியது என்று அதே சபையில் டிப்லாக் பிரபு ஒப்புக்கொண்டார்.

திரும்பி வந்த சொல்

1977இல் ஆட்சி மாறியது. புதிய அரசு மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் பொதுநலம் கருதி முடக்கியது. காரணத்தைக் கூற மறுத்தது. நெருக்கடி நிலையைப் பிறப்பித்த பிரதமரின் மருமகளே இப்போது விடுதலையின் பெயரால் வழக்காட வந்தார். சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை என்பதற்கு வரலாறு தந்த சான்று என்று இதைக் கொள்ளலாம்.

1978 ஜனவரி 25 அன்று எழுவர் அமர்வு தீர்ப்பளித்தது. 21ஆம் பிரிவு கூறும் நடைமுறை ஏதோ ஒரு நடைமுறையாக இருந்தால் போதாது. அது நியாயமானதாகவும், நேர்மையானதாகவும், தன்னிச்சையற்றதாகவும் இருத்தல் வேண்டும். பாதிக்கப்படுபவரைக் கேட்பது அதில் அடங்கும் என்றது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி கைலாசம் மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மையினருள் பேக், சந்திரசூட், பகவதி மூவரும் இருந்தனர். இருபத்தொரு மாதங்களுக்குமுன் கதவைச் சாத்திய அதே கைகள் அதை முன்னினும் அகலத் திறந்தன. அது மனமாற்றமா, கழுவாயா, காலத்துக்கேற்ற நடையா என்று வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கின்றனர். ஜபல்பூர் வழக்கில் தாம் தவறியதாகப் பகவதி 2011இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அரசியல் நிர்ணய சபை வெளியேற்றிய சொல் இவ்வாறு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வீடு திரும்பியது. 'முறையான சட்ட நெறி' என்ற தொடர் நம் சட்டத்தில் இல்லாவிடினும் பயன் ஒன்றே என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அதே ஆண்டில் எழுதினார். இனி ரோச்செஸ்டர் சமையற்காரனும் இந்த வாக்கியத்தின் நிழலில் ஒதுங்கலாம். 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்திவைக்க இயலாதவாறு செய்தது. பீகார் சிறைகளில் தம் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்கு 1979இல் இதே பிரிவு விடுதலை தந்தது. 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிருரிமையில் அடங்கும் என்று கூறப்பட்டது.

தந்தையரும் மைந்தரும்

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய ஒரு பின்னல் உண்டு. 1978இல் மேனகா வழக்கின் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி முர்தசா பசல் அலி, 1950இல் தோற்ற பசல் அலியின் மகன். தந்தையின் மறுப்பு நாட்டின் சட்டமாவதற்கு மகனும் கையொப்பமிட்டார்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கில், ஜபல்பூர் தீர்ப்பு வெளிப்படையாகவே நீக்கப்பட்டது. அதைப் பெருந்தவறு என்று எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட், 1976இல் அத்தீர்ப்பில் பங்குகொண்ட ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். அதே வழக்கில் மத்திய அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், 1950இல் கோபாலனுக்காக வாதாடிய நம்பியாரின் மகன். தந்தை எந்த விடுதலையை விரித்துரைக்க நின்றாரோ, அதன் எல்லையைக் குறுக்கிக் காட்டும் பொறுப்பு மகனுக்கு நேர்ந்தது. இதில் குறை காண்பதற்கில்லை. வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்காகப் பேசுபவர். ஆனால் எந்த வாதமும் எந்தக் குடும்பத்துக்கும் பரம்பரைச் சொத்தன்று என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

முடிவுறாத வாசிப்பு

இவ்வளவும் படித்தபின், வெற்றிக் கதை ஒன்றை வாசித்த நிறைவோடு இதழை மூடிவிட இயலவில்லை. பொருளுரைக்கும் அதிகாரம் இருபுறமும் கூரான வாள். சொல்லுக்கு மட்டும் கட்டுப்படுவேன் என்ற நீதிபதி சமையற்காரனைக் கைவிட்டார்; சொல்லைக் கடந்து செல்வேன் என்ற நீதிபதி பத்து மணி நேர உழைப்பாளியைக் கைவிட்டார். அம்பேத்கர் கண்ட இரு ஆபத்துகளும் அப்படியே இருக்கின்றன. வாக்கியம் எத்துணை அகலத் திறந்திருந்தாலும், உரிய நேரத்தில் ஒருவரின் குரல் அதன் வழியே உள்ளே சென்றடைய வேண்டும்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றம் ஏறியவர். 2020 அக்டோபர் 8 அன்று அவரே சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினால் பிணை மறுக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அவ்விதி இருந்தாலும், விசாரணை முடிவின்றி நீளும்போது 21ஆம் பிரிவின்படி பிணை வழங்க உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டென்று 2021 பிப்ரவரி முதல் நாள் உச்ச நீதிமன்றம் நஜீப் வழக்கில் கூறியிருந்தது. நடுக்கவாத நோயால் கைநடுங்கிய அம்முதியவரின் பிணை மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜூலை 5 அன்று, தம் எண்பத்துநான்காம் வயதில் அவர் இறந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது விசாரிக்கப்படவேயில்லை. கோவலனைப் போல் அவர் கேட்கப்படாமலே போனார் என்று சொல்வது மிகையாகலாம். அவருக்காக வழக்குரைஞர்கள் பேசினர், நீதிபதிகள் செவிமடுத்தனர். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் காலம் முடிந்துவிட்டது.

பசல் அலி பட்டியலிட்ட நான்கு கூறுகளோடு, ஐந்தாவதாகக் காலத்தையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும் போலும். பீகார் கைதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1979இல் அதைச் சேர்த்துவிட்டது. விரைவான விசாரணையும் உயிருரிமையின் பகுதி என்று அன்றே எழுதியது. எழுதப்பட்டது நம் சிறைகளின் வாயிலை எப்போது எட்டும் என்று கேட்கும் கடமை நீதிபதிகளுக்கு மட்டும் உரியதன்று. 1950இலும் 1976இலும் தனித்து நின்ற அந்த இருவரும் வருங்காலத்தை நோக்கி முறையிட்டார்கள். அவர்கள் முறையிட்ட வருங்காலத்தில்தான் இன்று நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.